அப்பாவின் அலுமினியப் படகு

பழைய அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று ஆசிரியர் சென்ற இதழில் அறிவித்திருந்தார். நாலைந்து கடிதம் வரும் என்று நினைத்திருந்தேன். கட்டாக வந்து சேர்ந்திருக்கின்றன. நான் எஞ்சினியர் அல்லன். ஸ்காபரோவில் ஒரு தகட்டு வேலைத்தலத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் அலுமினியம் வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்தவன். சனி, ஞாயிறுகளில் நண்பர்களின் படகுகளைத் திருத்திக் கொடுக்கத் தொடங்கி, ஓய்வுபெற்ற பிறகும் அதையே செய்துகொண்டிருக்கிறேன். கையால் செய்து பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் அப்பா சென்ற மாசியில் காலமானார். 1991இல் அவர் பழையதாக வாங்கிய 14 அடி அலுமினியப் படகு தம்பி வீட்டுப் பின்வளவில் ஒன்பது ஆண்டுகளாகக் கிடக்கிறது. ரைஸ் ஏரிக்கும் சிம்கோ ஏரிக்கும் எங்களை அதில்தான் அழைத்துப் போவார். தறப்பாள் கிழிந்து உள்ளே சருகும் தண்ணீரும் நிறைந்துவிட்டன. எஞ்சின் பூட்டும் பின்பலகை விரலால் குத்தினாலே உதிர்கிறது. கம்பளத்தைத் தூக்கினால் அடியில் வெள்ளை மா போலப் பூத்திருக்கிறது. பழைய இரும்பு எடுப்பவர் 150 டாலர் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை. இதைத் திருத்த முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– ஸ்காபரோ வாசகி

பதில்: பிள்ளை, கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதிய மூன்று குறைகளும் திருத்தக் கூடியவை. பின்பலகை உக்கிப்போவது எல்லாப் பழைய படகுக்கும் வருவது. அது மரம், மாற்றிவிடலாம். அலுமினியம் அரித்த இடத்தில் வரும் அந்த வெள்ளைப் பூப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

முதலில் உங்கள் படகு எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1944இல் கிரம்மன் விமான நிறுவனத்தின் துணைத் தலைவர் வில்லியம் ஹொஃப்மன் நியூயோர்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலைக்காட்டில் மரமும் கன்வஸும் சேர்ந்த ஓடமொன்றைச் சுமந்து நடந்தார். பாரம் தாங்காமல், இதை அலுமினியத்தில் செய்தால் என்ன என்று யோசித்தார். போர் முடிந்ததும் அதே தொழிற்சாலை அலுமினிய ஓடங்களைச் செய்யத் தொடங்கியது. மினசோட்டாவில் 1946இல் அலுமாகிராஃப்ட், 1948இல் லண்ட் என்று அடுத்தடுத்துப் படகு நிறுவனங்கள் எழுந்தன. விமானச் சிறகைப் பொருத்தும் அதே முறைதான்: மெல்லிய தகடு, உள்ளே விலா எலும்பு போலக் குறுக்கே ஓடும் வங்குகள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் நூற்றுக்கணக்கான ரிவெட்டுகள். உங்கள் அப்பாவின் படகும் அந்தப் பரம்பரைதான். தகடு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புக்குக் கிட்ட இருக்கும். அந்த மெல்லிய தகடு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் தண்ணீரில் நிற்பதற்குக் காரணம், காற்றுப் பட்டதுமே அலுமினியம் தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்வதுதான். கீறினாலும் அந்தத் தோல் உடனே மறுபடி வளரும்.

அலுமினியம் தானாகச் சாவதில்லை என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். அதன்மேல் ஈரத்தோடு ஒட்டிக் கிடக்கும் வேறொரு பொருள்தான் அதைத் தின்னும். எனக்கு இதைக் கற்றுத் தந்தது ஒரு சதக் காசு. என் முதல் படகு 12 அடி. வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் கழித்து உள்ளே போட்டிருந்த தரைப்பலகையைக் கழற்றினேன். இரண்டு வங்குகளுக்கு நடுவே, சேற்றோடு சேர்ந்து, பச்சை பூத்த ஒரு சதம் கிடந்தது. நகத்தால் கிளப்பினேன். காசு கையோடு வந்தது; அது கிடந்த இடத்தில் கராஜின் சீமெந்துத் தரை தெரிந்தது. காசின் அளவுக்கு, அரைத்து எடுத்தது போல, ஓர் ஓட்டை. 1996 வரை வந்த கனடியச் சதங்களில் பெரும் பங்கு செம்பு. செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு நடுவே ஈரமும் இருந்தால் அது ஒரு சிறிய பற்றரி. கரைந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். 2013இல் சதம் புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பழைய படகுகளின் அடியில் இன்னும் கிடக்கிறது.

ஆகவே முதல் வேலை, படகுக்குள் சேராத எல்லாவற்றையும் வெளியே எடுப்பது. கம்பளம், தரைப்பலகை, சருகு, துருப்பிடித்த ஆணி, தூண்டில் முள், ஈயக் குண்டு, காசு, பித்தளைப் பூட்டு எதுவும் இருக்கக் கூடாது. எடுப்பதற்கு முன் கைப்பேசியில் எல்லாக் கோணத்திலும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தப் படங்கள்தான் கைகொடுக்கும். இருக்கைகளுக்குள் அடைத்திருக்கும் நுரையைத் தொட்டுப் பாருங்கள். படகு நிரம்பினாலும் தாழாமல் பிடிப்பது அந்த நுரைதான். பழைய நுரை பல ஆண்டு ஈரத்தில் பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். ஒரு துண்டை வெட்டிப் பிழியுங்கள். தண்ணீர் வந்தால் முழுவதையும் எடுத்து, தண்ணீர் ஊறாத, மூடிய கண்ணறை கொண்ட புதிய நுரைப்பலகையை அதே அளவுக்கு வெட்டி வையுங்கள். எடுத்துவிட்டு வெறுமையாக விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது மன்னிக்க முடியாத வேலை. அந்தப் படகில் பிள்ளைகள் ஏறுவார்கள்.

பிறகு சவர்க்காரத் தண்ணீரும் நைலோன் தூரிகையும் போட்டுக் கழுவுங்கள். இரும்பு நார், இரும்புக் கம்பித் தூரிகை இரண்டும் வேண்டாம். இரும்புத் துகள் தகட்டில் பதிந்து நின்று அங்கேயே அரிப்பைத் தொடங்கிவிடும். அடுப்புக் கழுவும் காரத் திரவமும் ஆகாது. கோஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும்.

இப்போது தீர்ப்பு நேரம். இருட்டிய பிறகு படகைக் கராஜுக்குள் இழுத்து, வெளிச்சத்தை அணைத்து, பிரகாசமான ஒரு விளக்கை அடியில் பிடித்து மெதுவாக நகர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே குனிந்து பாருங்கள். ஊசி முனை அளவு துவாரமும் நட்சத்திரம் போலத் தெரியும். வெள்ளைப் பூப்பு இருந்த இடங்களில் ஐந்தாறு நட்சத்திரம் தெரிந்தால் கவலை வேண்டாம். தகடு முழுக்க வானம் போலத் தெரிந்தால் மட்டும் அந்த இரும்புக்காரரைக் கூப்பிடுங்கள். வங்குகளில் வெடிப்பு இருக்கிறதா என்றும், அடியில் நீளவாட்டில் ஓடும் ஏராவில் பிளவு இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். கண் தவறவிடுவதை விரல் பிடிக்கும்.

ஒளியில் தெரியாத ஒழுக்குகள் ரிவெட்டைச் சுற்றி இருக்கும். அவற்றைப் பிடிக்கத் தண்ணீரைப் படகுக்கு உள்ளே ஊற்ற வேண்டும். பத்து சென்ரிமீட்டர் போதும். அதுவே 14 அடிப் படகில் முந்நூறு கிலோவுக்கு மேல் பாரம். ட்ரெய்லரில் வைத்துச் செய்வதானால் ஏராவின் கீழே மரக்குற்றிகள் வைத்துத் தாங்கு கொடுங்கள். இல்லாவிட்டால் தகடு வளைந்துவிடும். அரை மணி நேரம் பொறுத்து, கீழே படுத்துக்கொண்டு, ஈரம் கசியும் ஒவ்வொரு ரிவெட்டையும் மெழுகுக் கட்டியால் வட்டமிடுங்கள்.

இனிமேல் தம்பி வேண்டும். ரிவெட் இறுக்குவது ஒற்றை ஆளால் ஆகாது. ஒருவர் வெளியே இருந்து, குழிந்த முனை பூட்டிய காற்றுச் சுத்தியலால் ரிவெட்டின் தலையைத் தட்ட வேண்டும். மற்றவர் உள்ளே, அதே ரிவெட்டின் வாலில் கனமான இரும்புக் கட்டியொன்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். அடியைத் தலை வாங்கும். நசிந்து பரவுவது வால். தளர்ந்த ரிவெட்டைத் தட்டினால் முதலில் ‘சள சள’ என்று ஒலிக்கும். மூன்று நான்கு அடியில் அந்த ஒலி மாறி, தகடும் ரிவெட்டும் ஒன்றாகிக் ‘கிண்’ என்று கேட்கும். அந்த ஒலி வந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் வால் வெடிக்கும், தகடும் மெலியும். உள்ளே இருப்பவர்தான் ‘போதும்’ என்று குரல் கொடுக்க வேண்டும், அவருடைய கைக்குத்தான் அது முதலில் தெரியும். இருவரும் காதுக்கும் கண்ணுக்கும் காப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.

இறுக்கியும் ஒழுகும் ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு ஒரு அளவு தடித்த புதிய ரிவெட் போடுங்கள். நீளம் கணக்கிடுவது எளிது: சேர வேண்டிய தகடுகளின் மொத்தத் தடிப்பு, அதோடு ரிவெட்டின் விட்டத்தில் ஒன்றரை மடங்கு. சரியாக நசிந்த வால் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்கும். கை எட்டாத இடத்துக்கு மட்டும் கைத்துப்பாக்கியால் இழுக்கும் பொப் ரிவெட். அதிலும் முனை மூடியது, உள்கம்பியும் அலுமினியமாக உள்ளது. சாதாரணப் பொப் ரிவெட்டின் நடுவே ஓட்டை இருக்கும், தண்ணீர் அதன் வழியே வரும். கடைசியாக, உள்பக்கப் பொருத்துகளில் எப்பொக்சிப் பூச்சு (இரண்டு திரவங்களைக் கலந்ததும் கல்லாக இறுகும் பசை) ஓட விடுங்கள். சிலிக்கனைத் தொடாதீர்கள். அது உரிந்து வரும், பிறகு அந்த இடத்தில் வேறெதுவும் ஒட்டாது.

பின்பலகைக்கு வருகிறேன். பழையதை உடைத்து எறிந்துவிடாதீர்கள். உக்கிப்போயிருந்தாலும் அதுதான் உங்கள் அளவுப் பலகை. 19 மில்லிமீட்டர் பிளைவூட் இரண்டை எப்பொக்சியால் ஒட்டினால் 38 மில்லிமீட்டர் வரும், பெரும்பாலான படகுகளுக்கு அதுதான் அளவு. வாங்கப் போகும்போது கடைக்காரர் நல்லெண்ணத்தோடு, உக்காமல் இருக்க மருந்தேற்றிய பச்சை நிறப் பலகையைக் காட்டுவார். அதை வாங்கவே கூடாது. அந்த மருந்தில் இருப்பது செம்பு. 2003 முடிவில் வீட்டு மரங்களுக்குப் பழைய ஆர்சனிக் மருந்து நிறுத்தப்பட்ட பிறகு வந்த மருந்துகளில் செம்பு இன்னும் அதிகம். அந்தப் பலகையைப் படகில் வைப்பது, நான் சொன்ன சதக் காசை ஆயிரக்கணக்கில் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். கடற்தர பிளைவூட் வாங்குங்கள். ஓரங்களுக்கு மூன்று முறை எப்பொக்சி பூசுங்கள், மரம் தண்ணீர் குடிப்பது ஓரத்தால்தான். போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, எப்பொக்சியால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இருக்காது. எப்பொக்சிக்கு வெயில் ஆகாது. மேலே பெயின்ட் அடித்துவிடுங்கள்.

பெயின்ட் கடைசி வேலை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். உலர வைத்துத் தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்த்து, நல்ல முகக்கவசம் அணியுங்கள். அலுமினியத்தின் அந்தத் தோல் பெயின்டை ஏற்காது. தகட்டைக் கடித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு வேண்டும், தேய்த்த அன்றைக்கே அதைப் பூசிவிட வேண்டும். யாராவது கராஜின் மூலையிலிருந்து துத்தநாகக் குரோமேற் என்ற மஞ்சள் நிற அடிப்பூச்சின் பழைய டின் ஒன்றைத் தந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அது புற்றுநோய் தரும் பொருள். படகின் அடிப்பக்கத்தை நான் பெயின்ட் அடிக்காமல் விட்டுவிடுவேன். ஒவ்வொரு முறையும் தண்ணீரிலிருந்து ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும் படகுக்கு அது தேவையில்லை.

இருவருமாகச் செய்தால் ஒரு வசந்த காலத்துச் சனி, ஞாயிறுகள் போதும். தம்பி மறுத்தால் உள்ளே கட்டியைப் பிடிக்க மட்டும் வரச் சொல்லுங்கள். ஒரு ரிவெட் அவர் கையில் இறுகட்டும்.

கேள்வி: என் படகின் அடியில் நாலைந்து துவாரம். தெரிந்தவர் ஒருவர் வெல்டிங் செய்து தருகிறேன் என்கிறார். கண்காட்சியில் விற்கும் ஒட்டுக்கம்பிகளைச் சாதாரண எரிவாயு விளக்கால் உருக்கி அடைக்கலாம் என்றும் கேள்விப்பட்டேன். எது நல்லது?
– பிரம்டன் வாசகர்

பதில்: வாழ்நாள் முழுவதும் வெல்டிங் செய்தவன் சொல்கிறேன்: ரிவெட் வைத்த மெல்லிய படகின் அடியில் வெல்டிங் வேண்டாம். இரும்பைச் சூடாக்கினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், எச்சரித்துவிட்டுத்தான் உருகும். அலுமினியம் நிறம் மாறாது. வெள்ளியாகவே இருந்து 660 பாகை செல்சியஸுக்குக் கிட்ட வந்ததும் திடீரென்று சொட்டாக விழுந்துவிடும். மேலே இருக்கும் தோல் உருகுவதற்கோ 2000 பாகைக்கு மேல் வேண்டும். தோலை உடைக்கும் சூட்டை உள்ளே இருக்கும் தகடு தாங்காது. புதிய தகட்டிலேயே கைத்திறன் கேட்கும் வேலை இது. நாற்பது வருட எண்ணெயும் சேறும் ஊறிய தகட்டில் துவாரம் இன்னும் பெரிதாகும். சூடு பரவிப் பக்கத்து ரிவெட்டுகளும் தளரும். குளிர்நிலையில் அழுத்தி வலுவூட்டிய தகடு அது. சூடு பட்ட இடத்தில் அந்த வலு போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இருக்கைக்குள் நுரை இருக்கும்போது பக்கத்தில் சுடர் பிடிக்கவே கூடாது. பொலியூரத்தேன் நுரை எரிந்தால் வரும் புகையில் சயனைட் வாயு இருக்கும். மூடிய கராஜில் அது உயிரை எடுக்கும்.

கண்காட்சிக் கம்பிகள் பெரும்பாலும் துத்தநாகம் கலந்தவை. தண்ணீருக்கு மேலே உடைந்த ஒரு கைப்பிடியை ஒட்டப் பாவிக்கலாம். அடித்தகட்டுக்கு நான் நம்பமாட்டேன். ஊசித் துவாரத்துக்குத் தகட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கிவிட்டு, மரைன்-டெக்ஸ் போன்ற எப்பொக்சிப் பசையை உள்ளும் வெளியும் அழுத்தித் தேய்த்தால் போதும். விரல் நகத்தை விடப் பெரிய ஓட்டையானால் அதே வகை அலுமினியத் தகட்டில் மூலைகளை வட்டமாக வெட்டிய ஓர் ஒட்டு வைத்து, அடியில் பொலியூரத்தேன் பசை பூசி, சுற்றிவர ரிவெட் அடியுங்கள். மூலையைக் கூராக விட்டால் அந்த மூலையிலிருந்து வெடிப்புத் தொடங்கும்.

கேள்வி: பாசி பிடிக்காமல் இருக்கப் படகின் அடிக்கு அடிக்கும் சிவப்பு பெயின்ட் அரை டின் அயலவர் தந்தார். என் அலுமினியப் படகுக்கு அடிக்கலாமா?
– மார்க்கம் வாசகர்

பதில்: அடிக்காதீர்கள். அந்த வகைப் பெயின்டில் பாசியைக் கொல்லும் மருந்து பெரும்பாலும் செம்புதான். கண்ணாடியிழைப் படகுக்குச் சரி, அலுமினியத்துக்கு நஞ்சு. டின்னில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: மாமனார் இறந்த பிறகு அவருடைய படகு எங்களிடம் வந்திருக்கிறது. எழுத்து எண்கள் பாதி அழிந்துவிட்டன. பத்திரங்களுக்கு என்ன செய்ய வேண்டும்? 9.9 குதிரைவலு எஞ்சின் பூட்டினால் உரிமம் தேவையில்லை என்கிறார்களே, உண்மையா?
– ஏஜக்ஸ் வாசகி

பதில்: உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 10 குதிரைவலு, அதாவது 7.5 கிலோவாட், அல்லது அதற்கு மேற்பட்ட எஞ்சின் பூட்டிய சிறிய உல்லாசப் படகுக்குத்தான் கூட்டாட்சி அரசின் படகு உரிமம் கட்டாயம். 9.9 எஞ்சின்கள் இவ்வளவு விலைபோவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் படகை ஓட்டுபவரின் தகுதி அட்டை வேறு விஷயம். எஞ்சின் எவ்வளவு சிறியதானாலும் ஓட்டுபவரிடம் அது இருக்க வேண்டும். ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் செல்லும். வீட்டில் மூன்று பேர் ஓட்டுவீர்களானால் மூன்று பேரும் எடுத்துவிடுங்கள்.

உரிமம் மாமனார் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். படகு உங்களுக்கு வந்ததற்கான ஆவணம் கேட்பார்கள். உரிம எண்ணை அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், இரு பக்கமும், படகின் நிறத்துக்கு மாறான நிறத்தில், 7.5 சென்ரிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் எழுத வேண்டும். 1981 ஆவணிக்குப் பிறகு வந்த படகானால் பின்பக்கத்தின் வலப்புற மேல்மூலையில் 12 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அடையாள எண் இருக்கும். பெயின்ட் அடிக்கும் ஆர்வத்தில் அதையும், எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்லும் சிறு தகட்டையும் மறைத்துவிடாதீர்கள். நான் எந்தப் படகிலும் முதலில் வாசிப்பது அந்தத் தகட்டைத்தான். நம்மவர்கள் வாரயிறுதியில் மைத்துனர், பிள்ளைகள், சமையல் பாத்திரம் எல்லாவற்றோடும் ஏறுகிறார்கள். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, தண்ணீர் அள்ளும் பாத்திரம், ஊதல், குறைந்தது 15 மீட்டர் மிதக்கும் எறிகயிறு, இவை இல்லாமல் கரையை விட்டு நகராதீர்கள். சிம்கோ ஏரி காலையில் கண்ணாடி போலக் கிடக்கும். மத்தியானக் காற்று எழுந்தால் 14 அடிப் படகை ஆட்டிவிடும்.

கேள்வி: குளிர்காலத்தில் படகை எப்படி வைப்பது? ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக ஒழுகுகிறது.
– பரி வாசகர்

பதில்: தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். பொருத்துக்குள் நின்ற ஒரு சொட்டு, மார்கழிக் குளிரில் ஓர் ஆப்பாக மாறி ரிவெட்டைத் தளர்த்திவிடும். உங்கள் ஒழுக்கு அங்கிருந்துதான் வருகிறது. சிறிய படகைக் கவிழ்த்து, இரண்டு சாதாரண மரக்குற்றிகளில் நிலம் படாமல் வையுங்கள். குற்றியும் மருந்தேற்றிய மரமாக இருக்கக் கூடாது. சீமெந்துத் தரையிலும் வைக்காதீர்கள், ஈரச் சீமெந்தில் ஊறும் காரம் தகட்டை அரிக்கும். கவிழ்க்க முடியாவிட்டால் ட்ரெய்லரில் அணியத்தை உயர்த்தி, வடிகால் அடைப்பைக் கழற்றி விடுங்கள். பனிக்காலச் சாலையில் இழுத்துப் போனால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு எங்கள் ஊர்க் கடலில் மட்டும் இல்லை, இங்கே தெருவிலும் கொட்டுகிறார்கள்.

வடிகாலைப் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஏரியிலிருந்து ஏற்றிய படகைத் தெருவில் கொண்டுபோகும் முன் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் நீர்ச்செடிகளையும் பிடுங்க வேண்டும் என்று 2022 தை முதலாம் திகதியிலிருந்து ஒன்ராறியோவில் சட்டமே இருக்கிறது. படகில் ஒட்டிப் பரவும் வரிச்சிப்பி (zebra mussel) ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இப்படித்தான்.

கேள்வி: தாத்தாவின் படகைத் திருத்தி முடிக்கப் போகிறோம். அவர் அதற்குப் ‘பார்வதி’ என்று அப்பம்மாவின் பெயரை வைத்திருந்தார். என் கணவர் புதிய பெயர் வைக்கலாம் என்கிறார். பக்கத் தகட்டில் பெரிய பள்ளம் ஒன்றும் இருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்தலாமா? நடு இருக்கையில் தாத்தா மீன் அளக்கக் கத்தியால் கீறிய கோடுகளைத் தேய்த்துவிடலாமா?
– மிசிசாகா வாசகி

பதில்: நான் பிறந்தது வல்வெட்டித்துறையில். எங்கள் ஊரில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கினார். அதற்குப் ‘ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன்’ என்று புதுப் பெயர் வைத்தார்கள். 1938இல் அது மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. வாங்கியவருக்குப் பெயர் வைக்கும் உரிமை உண்டு, அதில் பிழையில்லை. ஆனால் எங்கள் ஊரில் எவரும் அந்தப் புதுப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைக்கும் அது அன்னபூரணிதான். உங்கள் வீட்டில் அந்தப் படகைக் கூப்பிடும் பெயர் ‘பார்வதி’ என்றால் அதையே எழுதுங்கள். தமிழ் எழுத்தில், உரிம எண்ணை மறைக்காத இடத்தில் எழுதலாம்.

பள்ளத்தை விட்டுவிடுங்கள். ஒருமுறை வளைந்த இடத்தில் அலுமினியம் இறுகியிருக்கும். அதைத் திருப்பித் தட்டினால் வெடிக்கும். ரிவெட்டோ பொருத்தோ அதனால் ஒழுகாவிட்டால் அந்தப் பள்ளம் ஒன்றும் செய்யாது. எந்தக் கல்லில் மோதினார், அப்போது படகில் யார் யார் இருந்தார்கள் என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கும். கேட்டு எழுதி வையுங்கள்.

இருக்கைக் கோடுகளைத் தேய்ப்பதை நினைக்கவே வேண்டாம். பெயின்ட் அடிக்கும் நாளில் அந்த இருக்கையின் மேல்தட்டை முழுவதும் காகிதமும் ஒட்டுநாடாவும் போட்டு மூடிவிடுங்கள். வேலை முடிந்து நாடாவை உரித்த பிறகு சவர்க்காரத் தண்ணீரில் ஒரு துணியை நனைத்துத் துடைத்தால் போதும். பளபளப்பு மருந்தும் வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். வெறும் அலுமினியம் அப்படியே நிற்கும்.